யாருக்கும் சொந்தமில்லாத மேசை

அந்த மருந்துக் கம்பெனியில் அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கே தெரியாது. ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். பாரியான உடம்புக்காரர் ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கப் போய் முதுகில் ஏதோ பிசகிவிட்டது. இனிமேல் குனியாதே, தூக்காதே என்று டாக்டர்கள் கறாராகச் சொன்ன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடி இங்கே வந்தார். வந்து பதினேழு வருஷம் ஆயிற்று.

வேலை என்னவென்றால், கேட்பது. கம்பெனியின் மாத்திரையைச் சாப்பிட்டு யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால், அட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்வார்கள். அந்தப் போனை எடுப்பது சிஸ்டர். யார் பேசுகிறார்கள், யாருக்கு வந்தது, எந்த மருந்து, என்ன ஆயிற்று என்று நாலு விஷயம் வாங்கியாக வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் புகார் செல்லாது. ‘முழுமையற்றது’ என்று போட்டு மூடிவிடுவார்கள்.

கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் போன் செய்கிறவர்கள் சொல்ல வருவதெல்லாம் கட்டின பெண்டாட்டியிடமே சொல்லக் கூசுகிற சங்கதிகள். மலம் எந்த நிறத்தில் போயிற்று, அரிப்பு எங்கே வந்தது, படுக்கையில் எது முடியாமல் போயிற்று. முதல் ஐந்து நிமிஷம் வானிலை பேசுவார்கள். பிறகு ‘எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு’ என்று ஆரம்பிப்பார்கள். சிஸ்டர் அவசரப்படுத்தமாட்டார். “ம்… சொல்லுங்க… ம்” என்று கொட்டிக்கொண்டே இருந்தால், பதினைந்தாவது நிமிஷத்தில் அந்தச் சொந்தக்காரர் பேசுகிறவராகவே மாறிவிடுவார்.

இதற்கென்று நடைபாதைக் கடைசியில் ஓர் அறை இருந்தது. மூன்று பேர், மூன்று மேசை, ஒரு கதவு. சிஸ்டரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மனித உடம்பின் படம், முன்பக்கமும் பின்பக்கமுமாக. போனில் அவர்கள் சொல்லச் சொல்ல சிஸ்டரின் விரல் அந்தப் படத்தில் நகரும். நாற்காலி, முதுகுக்கென்று அளந்து வாங்கியது. இழுப்பறையில் ஒரு சின்னத் தலையணை. பதினேழு வருஷமும் அவருக்கு அலுவலகம் என்றால் அவ்வளவுதான்.

அப்புறம் பறவை வந்தார்.

நிர்வாகத் தலைவராகப் புதிதாகச் சேர்ந்தவர், நாற்பது வயது, பளபளக்கும் காலணி. முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்: “மேசை, இழுப்பறை, பூட்டு, இதெல்லாம் போன நூற்றாண்டு! நாம எல்லாம் பறவைங்க. பறவைக்கு எதுக்குங்க நிரந்தர இடம்? வானம் போதாதா?” அன்றைக்கே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் சுவர்களை இடித்தார்கள். நூற்று நாற்பது பேருக்குத் தொண்ணூறு மேசை. யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. காலை ஆறு மணிக்குச் செல்போனில் முன்பதிவு திறக்கும். முந்துகிறவனுக்கு ஜன்னல், பிந்துகிறவனுக்குக் கழிவறைக் கதவு. சாயங்காலம் போகும்போது மேசையைத் துடைத்த மாதிரி விட்டுப் போக வேண்டும். விட்டுப் போனதை எடுத்து ‘அநாதைப் பொருட்கள்’ என்று எழுதிய தொட்டியில் போட்டுவிடுவார்கள். சிஸ்டரின் தலையணை முதல் நாளே அநாதையாயிற்று. தேடிப் போய் எடுத்தபோது அதன்மேல் யாரோ பாதி குடித்த பழச்சாறு டப்பா கவிழ்ந்து கிடந்தது. இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே போட்டார்.

முதல் வாரம் அவருக்கு அந்த மேசைகளைத் தொடவே பிடிக்கவில்லை. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் பிஸ்கட் தூள், மயிர், பிறை பிறையாக வெட்டின நகம். திரையில் யாரோ தும்மின புள்ளிகள் காய்ந்து நின்றன. மவுஸ் பிசுபிசுவென்று ஒட்டியது. காதில் மாட்டுகிற கருவியின் பஞ்சில் ஒருத்தியின் முகப்பூச்சு, இன்னொருவனின் வெங்காய வாசம். மேசைக்கு அடியில் கை வைத்தால் மென்று ஒட்டிய மிட்டாய். எல்லாவற்றையும்விட அவருக்குக் குமட்டியது நாற்காலிதான். மதியம் இடம் மாறி உட்கார்ந்தால் முன்னால் எழுந்து போனவரின் சூடு அப்படியே இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் உட்கார்ந்த மாதிரி உடம்பு கூசும்.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

“அடிப் போடி. முப்பது வருஷமா எவனோ உட்கார்ந்த சீட்லதான் நான் உட்கார்றேன். ஒருத்தன் பல்லு குத்தின குச்சியை ஸ்டியரிங் பக்கத்துல சொருகிட்டுப் போவான். நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம். ரோட்டைப் பார்த்தாப் போதும்.”

“சீழைத் தொடச்ச கை உன்னோடது. பிஸ்கட் தூளுக்குப் போயி அருவருக்குதுங்கறே.”

சிஸ்டர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நோயாளி வேணும்னு அழுக்குப் பண்றதில்லைங்க. அவங்க அழுக்கைத் தொடச்சா அவங்களுக்குக் கொஞ்சம் நல்லாகும். இங்க தொடச்சா யாருக்கு என்ன ஆகுது? நாளைக்கு வேற ஒருத்தன் நகம் வெட்டுவான்.”

கணவர் அதற்குமேல் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு பழைய துணியும் ஸ்பிரிட் பாட்டிலும் சிஸ்டரின் பையில் இருந்தன. வைத்தது கணவர்தான். அன்றிலிருந்து தினம் இருபது நிமிஷம் துடைத்துவிட்டுத்தான் சிஸ்டர் வேலையைத் தொடங்குவார். பார்க்கிறவர்கள், ‘சிஸ்டர் ஆபரேஷனுக்கு ரெடி பண்றாங்க’ என்று கேலி செய்தார்கள்.

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாத ஒன்று மூன்றாவது மாதம் நடந்தது.

அன்று கிடைத்தது எழுபத்து மூன்றாம் மேசை. விளம்பரப் பிரிவு ஆட்கள் உட்காரும் நீள வரிசையின் நடுவில். மதியம் ஒரு மணி வாக்கில் ஒரு பெண் போனில் வந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. வானிலை, பிறகு விலைவாசி. சிஸ்டர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. வெக்கமா இருக்கு.”

“நான் நர்ஸா இருந்தவம்மா. நான் பார்க்காததா? மெதுவாச் சொல்லுங்க.”

“அந்த மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து… ஒண்ணுக்குப் போனா டீ டிகாஷன் மாதிரி போகுது. உடம்பு பூரா அரிப்பு. ராத்திரி என்னை அறியாமலே உள்பாவாடை எல்லாம்…”

அந்த நொடியில் விளம்பர வரிசையில் ஐந்தாறு பேர் ஒன்றாக வெடித்துச் சிரித்தார்கள். யாரோ செல்போனில் ஏதோ காட்டியிருக்கிறான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பு.

போனில் மூச்சு நின்றது. “அங்க யாரு சிரிக்கிறது?”

“அது வேற விஷயத்துக்கும்மா. இங்க பக்கத்துல…”

“நான் பேசறதை எல்லாரும் கேட்டுட்டா இருக்காங்க?”

“இல்லம்மா, சத்தியமா இல்ல. மாத்திரை பேரு மட்டும் சொல்லிடுங்க. அதை உடனே நிறுத்திட்டு…”

வைத்துவிட்டார். எண்ணையும் தெரியாதபடி மறைத்திருந்தார்.

டீ டிகாஷன் நிறம், அரிப்பு என்றால் ஈரல் என்று ஒன்பது வருஷ வார்டு சொன்னது. எந்த மருந்து என்று தெரியாது. யார் என்று தெரியாது. நாலில் இரண்டு இல்லை. திரை தானாகவே கேட்டது: முழுமையற்றது என்று மூடலாமா?

அப்போது எதிரில் உட்கார்ந்திருந்த விளம்பரக்காரன், கண்ணாடி போட்டவன், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு முகத்தைச் சுளித்தான். “சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. சாப்பிடற நேரத்துல ஒண்ணுக்கு, அரிப்புன்னு… கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதா? குமட்டுது.”

சிஸ்டர் எழுந்து கழிவறைக்குப் போனார். புழு வைத்த புண்ணைக் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மனுஷி, அன்று வாந்தியெடுத்தார். அந்தப் பெண் திரும்பக் கூப்பிடவே இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, பெருக்கும் அம்மா வாளியோடு நின்றார். பதினேழு வருஷப் பழக்கம்.

“என்ன சிஸ்டர், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?”

“கதவு இருக்கிற ரூம் ஒண்ணு வேணும்மா. அவ்வளவுதான்.”

“அதான் ஒண்ணு இருக்கே. பக்கவாட்டு ரூம்.”

“அதுல எப்பப் பார்த்தாலும் ஆள் இருக்குன்னு சிவப்பு விளக்கு. ‘புத்தாக்கக் குழு, கலந்தாய்வு’ன்னு போட்டிருக்கு.”

அந்த அம்மா அக்கம்பக்கம் பார்த்தார். “குழுவாவது கிழுவாவது! தினம் அந்தக் குப்பைக்கூடையைக் கொட்டறவ நான். ஒரே ஆளு குப்பை. ஆரஞ்சுத் தோலு, காலு வலிக்கு ஒட்டற பட்டை, காது குடைஞ்ச பஞ்சு. அஞ்சு பேரு கூடிப் பேசற எடத்துல இப்படியா குப்பை விழும்?”

சிஸ்டர் அன்று சாயங்காலமே முன்பதிவுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். புத்தாக்கக் குழு ஐந்து மாதத்துக்கு, ஒரு நாள் விடாமல், காலை ஒன்பது முதல் ஆறு வரை அறையைப் பிடித்து வைத்திருந்தது. குழுவில் ஆட்கள் யார் என்று தட்டினால் காலி. ஒரு பெயரும் இல்லை.

மறுநாள் நேராகப் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

பறவை சாய்வு நாற்காலியில் கிடந்தார். காலுறைகளைக் கழற்றி மேசை விளிம்பில் காயப்போட்டிருந்தார். வெறும் பாதங்கள் மேசைமேல், கட்டைவிரல் நகம் மஞ்சள் பூத்து. கொக்கியில் ஒரு துண்டு, அலமாரியில் பல்துலக்கி, மேசை ஓரத்தில் குடும்பப் புகைப்படம், ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. அறை முழுக்க ஈரக் காலுறையின் புளித்த வாடை. மற்றவர்கள் ஒரு தலையணை வைத்தால் அநாதை; இங்கே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது.

“சிஸ்டர்! வாங்க வாங்க.” காலை இறக்கினாரே தவிர, வெட்கப்பட்ட மாதிரி தெரியவில்லை. “ஒரு முக்கியமான கால் முடிச்சிட்டு இப்பத்தான்…”

“புத்தாக்கக் குழு எங்க சார்?”

“அது… உருவாகிட்டு இருக்கு.”

“போன்ல பேசறவங்க பாதியில வெச்சிட்டுப் போறாங்க சார். நேத்து ஒரு அம்மாவுக்கு ஈரல் கெட்டிருக்கும்னு எனக்குப் படுது. பேரு வாங்க முடியல. இந்த ரூமை எங்க பிரிவுக்குக் குடுங்க.”

பறவை புன்னகையை மாற்றாமல் ஒரு தாளை எடுத்தார். “நல்லதாப் போச்சு, நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். உங்க பேச்சைப் பத்தி மூணு பேரு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. எல்லாரும் சேர்ந்து இருக்கிற இடம் பாருங்க. நாகரிகமான வார்த்தை பழகிக்கணும். மலம், மூத்திரம் வேண்டாம். ‘வெளியேற்றம்’னு சொல்லலாமே. பன்னிரண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் அந்த மாதிரி கால் எடுக்காம இருந்தா இன்னும் நல்லது.”

“நோவு நேரம் பார்த்தா சார் வருது?”

“நல்ல ஹெட்செட் வாங்கித் தரேன்.”

சிஸ்டர் அந்த மேசையைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். உபதேசத்துக்கு இப்படி ஒரு வாடை இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வெளியே வந்துவிட்டார்.

பிரிவின் மேலாளர் ஒரு டாக்டர். அவரும் பழைய அறையில் சேர்ந்து உட்கார்ந்தவர். அவரிடம் போனார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார். “எனக்கு ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு சிஸ்டர். இந்த வயசுல எதுக்கு வம்பு? மாடிப்படில நின்னு பேசிப் பாருங்களேன், அங்க யாரும் வரமாட்டாங்க.”

சிஸ்டர் மாடிப்படிக்குப் போனார். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுத் திருப்பத்தில், தாளை முழங்கால்மேல் வைத்து எழுதினார். முதுகு ராத்திரியெல்லாம் குத்தியது. கணவர் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, “விட்டுத் தொலையேன் அந்த வேலையை” என்றார். சிஸ்டர் குப்புறப் படுத்தபடியே சொன்னார்: “விட்டுட்டா அந்தப் போனை யாரு எடுப்பா? விளம்பரக்காரனா?”

இன்னொரு காரியமும் செய்தார். அழைப்புப் பதிவேட்டை எடுத்துப் பாதியில் துண்டித்தவற்றையெல்லாம் பிரித்தார். அறை இருந்த காலத்தில் இருபது பேருக்கு ஒருவர் பாதியில் வைத்தார். இப்போது ஆறு பேருக்கு ஒருவர். ஒலிப்பதிவுகளைக் கேட்டார். ஒவ்வொரு துண்டிப்புக்கும் முன்னால் ஏதாவது ஒன்று: சிரிப்பு, பழச்சாறு அடிக்கிற பிளெண்டர் சத்தம், ‘மச்சி, எங்கடா இருக்கே’ என்று ஒரு கத்தல். தேதி, நேரம், மேசை எண் போட்டு ஐம்பத்தொன்பது வரிகள் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரிடம் கொடுப்பது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அரசாங்க மருந்துப் பாதுகாப்புத் துறையின் சோதனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். அந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதிகாரி புதன்கிழமை வருகிறார் என்று கடிதம். செவ்வாய்க்கிழமை காலையில் சிஸ்டரின் செல்போனில் அழைப்பு: “பக்கவாட்டு அறைக்கு உடனே வரவும்.”

கதவில் பித்தளைப் பலகை பளபளத்தது: ‘புகார் கேட்பு அறை. அமைதி காக்கவும்.’ திருகாணி முடுக்கின மரத்தூள் தரையில் இன்னும் கிடந்தது. துண்டு, பல்துலக்கி, புகைப்படம் ஒன்றுமில்லை. மேசைமேல் பூச்சாடி. காலுறை வாடைமேல் ரோஜா வாசனையை வாரி அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து, பிணவறையில் ஊதுபத்தி ஏற்றின மாதிரி இருந்தது.

“எப்படி இருக்கு சிஸ்டர்?” பறவை கைகளை விரித்தார். “இனிமே இது உங்களோடது.”

“எழுதிக் குடுங்க சார்.”

அவர் பெரிய ஜோக் கேட்ட மாதிரி சிரித்தார். “உங்களுக்கு எப்பவுமே தமாஷ்தான்.”

அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். அதிகம் பேசவில்லை. கோப்புகளைப் புரட்டினார், இரண்டு அழைப்புகளைக் கேட்டார். பறவை பின்னாலேயே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். “நோயாளியோட அந்தரங்கம்தான் எங்களுக்கு முதல்ல. அதனாலதான் நாங்க இந்த அறையை…” டாக்டர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இரண்டு ஆள்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சிஸ்டர் பக்கம் திரும்பினார். சம்பிரதாயமான கேள்விதான்.

“மேடம், நீங்க எப்பவுமே இங்க உட்கார்ந்துதான் கால் எடுப்பீங்களா?”

சிஸ்டருக்கு ரோஜா வாசனை தொண்டையில் கசந்தது.

“நேத்துலேர்ந்து.”

அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார்.

“அதுக்கு முன்னாடி?”

“திங்கக்கிழமை மாடிப்படி. அதுக்கு முன்னாடி பதினொண்ணாம் மேசை. அதுக்கு முன்னாடி நாலு நாள் கழிவறைப் பக்கத்துல.” பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினார். “இவங்க எல்லாம் பாதியில வெச்சிட்டுப் போனவங்க.”

அதிகாரி ஐம்பத்தொன்பது வரிகளையும் நின்றபடியே படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. “இது ஈரலா?”

“அப்படித்தான் எனக்குப் பட்டுது. மருந்து பேரு கிடைக்கல.”

பறவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அவரைப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று வாரத்தில் துறையிலிருந்து ஆணை வந்தது. புகார் கேட்கிறவர்களுக்குக் கதவும் சுவரும் உள்ள தனி அறை இருந்தே தீர வேண்டும்; முப்பது நாளுக்குள் செய்யாவிட்டால் உரிமத்தின் மேல் கை வைப்போம். பக்கவாட்டு அறை சிஸ்டர் பிரிவுக்கு வந்தது. மூன்று பேருக்கு மூன்று மேசை, முதுகுக்கு ஏற்ற நாற்காலி.

பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை போகவில்லை, முகம்கூடக் கறுக்கவில்லை. கம்பெனி இதழில் ‘ஊழியரின் குரலுக்குச் செவிசாய்த்தோம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். படம் எடுக்க ஆளோடு வந்து, சிஸ்டரின் தோளில் கை போட்டு நின்றார்.

“சிரிங்க சிஸ்டர். இது நம்ம ரெண்டு பேரோட வெற்றி.”

தோளில் கிடந்த கையைச் சிஸ்டர் பார்த்தார். மோதிர இடுக்கில் அழுக்கு. “ஒரு நிமிஷம் சார், தோளைக் கழுவிட்டு வந்துடறேன்” என்று நகர்ந்தவர் வரவே இல்லை. படத்தில் பறவை மட்டும் கதவோடு நிற்கிறார்.

வெளியே மீதி நூற்று முப்பத்தேழு பேரும் பழையபடி ஆறு மணிக்குச் செல்போனைத் தடவிக்கொண்டுதான் இருந்தார்கள். “சிஸ்டர் தனக்கு வழி பண்ணிக்கிட்டாங்க” என்று காதுபடப் பேசினார்கள். அது பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் உறுத்தியது.

ஒரு நாள் மதியம் கதவைத் தட்டிக்கொண்டு அந்த விளம்பரப் பிரிவுக் கண்ணாடிக்காரன் நின்றான். கையில் போன்.

“சிஸ்டர்… அஞ்சு நிமிஷம் உள்ள பேசிக்கட்டுமா? அம்மாவுக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. டாக்டர் லைன்ல இருக்காரு. வெளிய எல்லாரும்…”

அவன் முகத்தைப் பார்த்ததும் சிஸ்டருக்குப் பழைய கசப்பு மேலே வந்தது. ‘குமட்டுது’ என்றவன். ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மற்ற இருவரையும் கண்ணால் எழுப்பி, மூன்று பேருமாக வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அவன் வெளியே வர இருபது நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியைக் கையில் பிடித்திருந்தான்.

அடுத்த வாரம் வரவேற்பில் இருக்கும் பெண் வந்தாள், வக்கீலிடம் பேச. பிறகு கிடங்குக்காரர், மகளின் பள்ளியிலிருந்து வந்த போனுக்கு. நாளுக்கு இரண்டு மூன்று பேர். ‘பிற ஊழியர்கள் இவ்வறையைப் பயன்படுத்தக் கூடாது’ என்று பறவை ஒரு தாளை ஒட்டினார். சிஸ்டர் அதைக் கிழிக்கவில்லை. அதை ஒட்டியிருந்த பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். தாள் தானாக விழுந்தது. பெருக்கும் அம்மா வந்து அள்ளிக்கொண்டு போனார்.